மனச்சோர்வு: தண்டையார்பேட்டையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. 2016-இல் எனக்கு மனச்சோர்வு வந்தது. ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன், குணமானேன். அதை யாரிடமும் மறைக்கவில்லை. அதனால் அளவு ஜாக்கெட் கொடுக்க வருகிற பெண்கள் சிலர், கொடுத்த பிறகும் போகாமல் வாசற்படியிலேயே நிற்பார்கள். "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். பதில்களில் மருத்துவம் சம்பந்தப்பட்டதெல்லாம் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடமும் மனநல ஆலோசகரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது. மீதி நான் பட்டது.

மனசு சரியில்லன்னா அது மனச்சோர்வா?

எல்லாம் இல்லை. தண்டல்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனால் அன்றைக்கு யாருக்குத்தான் மனசு சரியாக இருக்கும்? அது அழுத்தம். கடன் அடைந்தால், பிரச்சினை தீர்ந்தால், இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் இறங்கிவிடும். டி.வி.யிலும் பத்திரிகையிலும் இரண்டுக்கும் சேர்த்து "மன அழுத்தம்" என்றே சொல்லிவிடுகிறார்கள். அதில்தான் பாதிக் குழப்பம். மனச்சோர்வு வேறு. பிரச்சினை தீர்ந்த பிறகும் அது போகாது. சில பேருக்குப் பிரச்சினை எதுவுமே இல்லாமலும் வரும்.

டாக்டர்கள் பார்க்கிற கணக்கு இது. நாளின் பெரும்பகுதி மனசு பாரமாக இருக்கிறதா, அல்லது முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டமே இல்லையா? இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுவது, பசி போவது அல்லது அளவுக்கு மீறுவது, உடம்பில் சத்தே இல்லாத மாதிரி இருப்பது, எதிலும் கவனம் நிற்காதது, பேச்சும் நடையும் மந்தமாகிவிடுவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, "நான் எதுக்கும் லாயக்கில்ல, எல்லாம் என் தப்பு" என்ற நினைப்பு, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் என்று ஒரு வரிசை. மொத்தத்தில் குறைந்தது ஐந்து சேர்ந்து, இரண்டு வாரம் விடாமல், கிட்டத்தட்ட தினமும் இருந்து, அன்றாட வேலையையும் கெடுத்தால் அது நோய். இரண்டு வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் புரியும். ஆடி முடிந்து கல்யாண முகூர்த்தங்கள் வரும் நேரம். மிஷினுக்குப் பக்கத்தில் கட்டைப்பையில் பதினோரு ஜாக்கெட் துணி வெட்டாமல் கிடந்தது. காலையில் குளிக்காமல் வந்து மிஷின் முன்னால் உட்காருவேன். ஊசியில் நூல் கோக்க வேண்டும், அவ்வளவுதான். நூலைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் வைத்த டீயில் ஆடை படிந்து, அது சுருங்கி, டம்ளர் ஜில்லென்று ஆகிவிடும். அம்மா வந்து "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். அழுகைகூட வரவில்லை. அழுதிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

எனக்கு மனசுல ஒண்ணும் இல்லக்கா. உடம்புதான் வலிக்குது, நெஞ்ச அடைக்குது. அப்புறம் எதுக்கு மனநல டாக்டர்?

இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருவது. நம் பக்கத்தில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட உடம்பு வலியாக வருவதுதான் அதிகம். "ஒரு மாதிரியா இருக்கு", "படபடன்னு வருது", "தலை கிர்ருங்குது", "கை கால் அசந்து போவுது", "வயித்த பிசையுது". இவையெல்லாம் பொய் வலி இல்லை. மூளைதான் தூக்கம், பசி, வலி மூன்றையும் கட்டுப்படுத்துகிறது. அது சோர்ந்தால் வலி கூடுதலாகத் தெரியும், பழைய வலியெல்லாம் எழுந்து நிற்கும்.

நான் ஏழு மாதம் ஒரு தனியார் கிளினிக்கில் வயிற்றுக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்" என்றார்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தினமும் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். தண்ணி லாரி வரும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அந்த நேரம் மனசு ரொம்ப மோசமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தேறும். விடியலுக்கு முன்னால் முழிப்பு வருவதும், காலை மோசமாகவும் மாலை பரவாயில்லாமலும் இருப்பதும் மனச்சோர்வின் முக்கியமான அடையாளங்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்காக எல்லா வலியையும் மனசின் மேல் போட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் சோர்வும் வரும். சர்க்கரை நோய் இருக்கிறவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். பிரஷருக்கு, வேறு நோய்க்குச் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் சோர்வு வரலாம். நல்ல டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். நெஞ்சு அடைப்பு புதிதாக வந்தால், வியர்த்துக் கொட்டினால், முதலில் இ.சி.ஜி. எடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

எதனால வருது? காத்து கருப்பு பட்டிருக்குமோ?

ஒரே காரணம் என்று யாராலும் கைநீட்டிச் சொல்ல முடியாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடும். சின்ன வயதில் பட்ட அடி, உதை, பயம் உள்ளே தங்கியிருக்கும். சாவு, பிரிவு, வேலை போவது, தீராத வலி, பிரசவம் ஆகியவை அதைக் கிளப்பிவிடும். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

இதோடு நாம் இருக்கிற இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பத்துக்குப் பத்து ரூமில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் நிம்மதியான தூக்கம் ஏது? காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் எத்தனை வீட்டில் நகை அடகுக்கடைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீடு, வலை, படகு எல்லாவற்றிலும் படிந்ததே, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தூக்கம் வராமல் கிடந்த ஒருத்தியின் ஜாக்கெட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். அவ்வளவு இளைத்துப் போயிருந்தாள். கஷ்டப்படுகிற எல்லாருக்கும் மனச்சோர்வு வருவதில்லை. வந்தவர்களைப் பார்த்து "எல்லாருக்கும்தான் கஷ்டம், உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்பது நியாயமில்லை. ஒரே மழையில் நனைந்தாலும் ஒருவருக்கு ஜுரம் வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை.

காத்து கருப்பு இல்லை.

வேலைவெட்டி இல்லாம சும்மா இருந்தா இப்படித்தான் வரும்னு மாமியார் சொல்றாங்க.

உங்கள் மாமியாரிடம் என்னை அனுப்புங்கள். பதினான்கு வயதிலிருந்து மிஷின் மிதித்தவள் நான். எனக்கு வந்தது. பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், நம் நாட்டில் இருபது பெரியவர்களில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது என்று தெரிந்தது. இருபது பேர் என்றால் எங்கள் சந்தில் நாலு வீடு. சோம்பேறிக்கு வேலை செய்ய மனசில்லை, ஆனால் சினிமாவுக்குக் கூப்பிட்டால் கிளம்பிவிடுவான். மனச்சோர்வு வந்தவளுக்கு சினிமாவுக்கும் போகத் தோன்றாது, பிடித்த வஞ்சிரம் வறுவலை வைத்தாலும் தவிடு மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

எங்க வீட்டுக்காரருக்கு எரிச்சலா வருது, எதுக்கெடுத்தாலும் கத்தறார், குடி அதிகமாயிடுச்சு. அவருக்கும் இது இருக்குமா?

இருக்கலாம். ஆம்பளை அழக்கூடாது என்று சொல்லியே வளர்த்துவிட்டோம். அதனால் ஆண்களிடம் அது கோபமாக, எரிச்சலாக, யாரோடும் ஒட்டாமல் தனியே போவதாக, குடியாக வெளியே வருகிறது. தூக்கம் வரவில்லை என்று குடிக்க ஆரம்பிப்பார்கள். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் நடுராத்திரி எழுப்பிவிடும். மறுநாள் மனசை இன்னும் கீழே இழுக்கும். குடியால் சோர்வா, சோர்வால் குடியா என்று பிரிப்பது டாக்டருக்கே சிரமம், இரண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

அவர் அடிக்கிறார் என்றால் "பாவம், நோய்" என்று பொறுத்துக்கொண்டு இருக்கச் சொல்ல மாட்டேன். 181-க்குப் போன் செய்யுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது.

பொண்ணுக்குக் கொழந்த பொறந்து ஒரு மாசம் ஆவுது. கொழந்தயத் தொடவே மாட்டேங்கிறா.

பிரசவமான முதல் வாரம், பத்து நாள் பெரும்பாலான பெண்களுக்குக் கொஞ்சம் அழுகை வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. "பாசமே இல்லாத ஜென்மம்" என்று திட்டாதீர்கள், அவளே தன்னைப் பத்து மடங்கு திட்டிக்கொண்டிருப்பாள். தடுப்பூசிக்குப் போகும்போதே நர்ஸிடம் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் பால் கொடுப்பதைச் சொன்னால் பார்த்துக் கொடுப்பார். ராத்திரி ஒரு வேளையாவது வேறு யாராவது குழந்தையைப் பார்த்துக்கொண்டு அவளை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க விடுங்கள்.

தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசினால், காதில் குரல் கேட்கிறது என்றால், குழந்தையைப் பார்த்து விபரீதமாக ஏதாவது சொன்னால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது வேறு, அவசரமானது.

கீழ்ப்பாக்கம் போவணுமா?

இதைக் கேட்கும்போது குரல் இறங்கிவிடும். ஏன் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "கீழ்ப்பாக்கம் கேஸு" என்கிறோம். ஒரு ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நான் ஏழு மாதம் வயிற்று மாத்திரை சாப்பிட்டேன். என் தம்பி வாயிலும் அது சர்வசாதாரணமாக வரும். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளுக்குப் பிறகு அவன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருப்பது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எல்லா நோய்க்கும் பார்க்கிற பொது ஆஸ்பத்திரி. அயனாவரம் பக்கம், மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருப்பது அரசு மனநலக் காப்பகம். ஜனங்கள் "கீழ்ப்பாக்கம்" என்று பயப்படுவது இதைத்தான். இது 1794-இல் தொடங்கியது, இப்போதிருக்கும் இடத்துக்கு 1871-இல் வந்தது. அங்கேயும் காலையில் போய் ஓ.பி. பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. போனாலே உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது பயம், உண்மை இல்லை. மனச்சோர்வு வந்த பெரும்பாலானவர்களுக்குப் படுக்கையில் சேரத் தேவையே வராது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் கிட்டே ராயபுரம் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. காய்ச்சலுக்கு வாங்குகிற மாதிரிதான் ஓ.பி. சீட்டு. கையில் ஸ்டான்லி சீட்டோடு நிற்பவரைப் பார்த்து எந்த டிபார்ட்மென்ட் என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஒளித்துப் போக வேண்டியிருப்பது எனக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் அந்த ஒளிவு உங்களை டாக்டர் முன்னால் கொண்டு உட்கார வைக்கும் என்றால் அப்படியே போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் மாத்திரைக்கும் காசு இல்லை.

அதற்கும் முன்னால் போனிலேயே பேசலாம். 14416 என்பது டெலி மானஸ். 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-இலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

அங்க போனா என்ன கேப்பாங்க? எனக்குக் கோர்வையா சொல்ல வராது.

கோர்வையாகச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கேட்பார்கள். எத்தனை நாளாக, தூக்கம், பசி, வேலைக்குப் போக முடிகிறதா, குடி, புகையிலை உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, சாக வேண்டும் என்று தோன்றியதா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் மாறவில்லை, பேனா நிற்கவில்லை. "எவ்ளோ நாளா?" என்றார். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை ஒரு சாதாரண விஷயம் மாதிரி அவர் எழுதிக்கொண்டதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

இன்னொன்றையும் கேட்பார்கள்: எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்துகொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டு சில நாள் இருந்தீர்களா? இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்த உற்சாகம் தலைக்கேறிவிடும்.

போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வரிசை நீளமாக இருக்கும். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். மறந்துவிடும் என்று தோன்றினால் முதல் நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் அளவு நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் யாருடைய கை அளவோ, மறுபக்கம் என் வியாதி.

அந்த மாத்திரைக்கு அடிமையாயிடுவோமாமே?

இரண்டு வகை மாத்திரையை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிற பயம் இது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூக்ஸெடின் போன்றவை மனச்சோர்வுக்கான மாத்திரைகள். இவை போதை தருவதில்லை, நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்லி உடம்பு கேட்பதும் இல்லை. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை வேறு. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். அவற்றை மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட்டால்தான் பழக்கமாகும். மெடிக்கல் கடையில் பழைய சீட்டைக் காட்டி இதை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரையில் பொறுமை சோதிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. கெடுதல் முதலில் தெரியும், நல்லது பிறகுதான் தெரியும். முதல் வாரம் குமட்டல், தலைவலி, கொஞ்சம் கூடுதல் படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய இன்னும் கொஞ்சம். ஐந்தாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஆறாம் நாள் நிறுத்தினேன். தம்பி திரும்பவும் கூட்டிப்போனான். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடச் சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள், குமட்டல் நின்றது. சிலருக்கு உடம்புறவில் நாட்டம் குறையும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். முதல் மாத்திரை எல்லாருக்கும் கேட்காது, மாற்றிப் பார்ப்பது வழக்கம்தான். இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாகும் எண்ணம் கூடலாம் என்பதால் வீட்டில் ஒருவர் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தப்பு, நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது. நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு வரும். அதைப் பார்த்துத்தான் "பாத்தியா, அடிமையாக்கிடுச்சு" என்கிறார்கள். டாக்டர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டே வந்தால் அந்தத் தொந்தரவும் பெரும்பாலும் வராது.

மாத்திர இல்லாம பேசியே சரி பண்ண முடியாதா?

லேசாக இருந்தால் முடியும். உளவியல் ஆலோசகர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவார், அது வெறும் ஆறுதல் இல்லை. "நான் ஒண்ணுக்கும் ஆகாதவ" என்று மனசு சொல்வதை எடுத்து வைத்து, அது நிஜமா என்று சோதிக்கக் கற்றுக் கொடுப்பார். இன்னொரு முறை எனக்கு ரொம்ப உதவியது. மனசு வரட்டும், அப்புறம் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலை ஒன்றைச் செய்தால் மனசு பின்னால் வரும் என்பது அது. எனக்குக் கொடுத்த முதல் வாரப் பாடம்: தினமும் ஒரே ஒரு ஊக்கு கட்ட வேண்டும். ஜாக்கெட் முழுக்க இல்லை, ஒரு ஊக்கு. நாலாம் நாள் மூன்று கட்டினேன்.

தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பதும் நிஜமாகவே உதவும். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால்தான் நல்லது.

கரண்டு வெப்பாங்களாமே?

சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. மருந்து எதுவும் கேட்காதவர்களுக்கு, சாப்பாடு தண்ணியே இறங்காதவர்களுக்கு, உயிருக்கு ஆபத்து இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும், மயக்க மருந்து இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. நோயாளியால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிந்தால் அவர் சம்மதம் கேட்பார்கள். மற்ற எல்லாருக்கும் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

"செத்துடலாம் போல இருக்கு"ன்னு தங்கச்சி சொல்றா. சும்மா மெரட்டறாளா?

மிரட்டல் என்று வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். சொல்கிறவர் செய்ய மாட்டார் என்பது தப்பு. செய்கிறவர்களில் பலர் முன்கூட்டியே யாரிடமாவது ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருப்பார்கள். "நான் இல்லன்னா புள்ளைங்கள பாத்துப்பியா?" என்று கேட்பது, கடனையெல்லாம் திடீரென்று கணக்குத் தீர்ப்பது, தனக்குப் பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, இவையும் சொல்வதுதான்.

நேராகக் கேளுங்கள்: "செத்துடணும்னு தோணுதா?" கேட்டால் நாமே எண்ணத்தைக் கொடுத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை. கேட்டால் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். யோசித்திருந்தால் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை, மருந்து, ஆபத்தான பொருள் எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்து வேறு வீட்டில் வைத்துவிடுங்கள். அந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறுகிற நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. "புள்ளைங்கள நெனச்சுப் பாக்கலியா, பாவம் இல்லியா" என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ராத்திரியானால் ஸ்டான்லி அவசரப் பிரிவு. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108. பேச ஒரு குரல் வேண்டும் என்றால் 14416, அல்லது 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் சினேகா அமைப்பு: 044-24640050.

இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். இப்போது 14416-இல் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ரூமில் இருப்பவரை எழுப்புங்கள்.

போலீஸ் கேஸ் ஆவுமே?

இந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாத வீடு உண்டு. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றம் என்று சொன்ன பழைய 309-ஆம் பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் போலீஸ் வந்து விசாரித்து எழுதிக்கொள்வது உண்டு. நடந்ததைச் சொல்லுங்கள். முதலில் உயிர்.

கோயில்ல மந்திரிச்சுக் கட்டினா போதாதா?

போங்கள். கோயிலோ, மாதா கோயிலோ, தர்காவோ, அங்கே கிடைக்கிற நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மா எனக்குக் கட்டிய கயிறு மாத்திரை சாப்பிட்ட காலம் முழுக்க என் கையில் இருந்தது. அங்கே யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அடித்தாலோ, சங்கிலி போட்டாலோ, அப்போது கிளம்பி வந்துவிடுங்கள். சங்கிலி போடுவது சட்டப்படியும் குற்றம்.

வீட்ல இருக்கற நாங்க என்ன பண்ணணும்?

புத்தி சொல்லாதீர்கள். "தைரியமா இரு", "யோகா பண்ணு", "வெளியில போய்ட்டு வா" எல்லாம் அவளுக்கே தெரியும். அவளால் முடியவில்லை என்பதுதான் வியாதி. "என்ன வேணும் சொல்லு" என்று கேட்பதும் அவளுக்குப் பாரம், யோசிக்க வேண்டும். அதற்குப் பதில் சின்னதாக ஒன்றைச் செய்துவிடுங்கள். என் தம்பி தினமும் வேலைக்குப் போகுமுன் பர்மா பஜார் கதை ஏதாவது சொல்லிக்கொண்டே மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி என் உள்ளங்கையில் வைப்பான். நான் பதில் பேச மாட்டேன். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆயா ஒன்றும் கேட்காமல் என் குடத்தையும் சேர்த்து லாரியில் பிடித்து வைக்கும். அந்த இரண்டு பேருக்கும் மனநலம் பற்றி ஒன்றும் தெரியாது.

பார்த்துக்கொள்கிறவருக்கும் களைப்பு வரும். முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வருமா?

ஒரு முறை வந்தவர்களில் பாதிப் பேருக்காவது திரும்ப வரும் வாய்ப்பு உண்டு. எனக்கு 2020 ஊரடங்கில் லேசாக வந்தது. மூன்று மணிக்கு முழிப்பு வர ஆரம்பித்த பத்தாம் நாளே தெரிந்துகொண்டேன், டாக்டரைப் பார்த்தேன், இந்த முறை மிஷினை நிறுத்தவே இல்லை. ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி ஒன்று இருக்கும். சிலருக்குக் குளிக்கத் தோன்றாது, சிலர் போனை எடுக்க மாட்டார்கள். உங்களுடையது எது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்தவர்களுக்கு மாத்திரையை நீண்ட காலம் தொடரச் சொல்லலாம், பிரஷர் மாத்திரை மாதிரி.

கூட வர ஆள் இல்லக்கா. தனியா போவ பயமா இருக்கு.

இதைக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, என்றைக்கு என்று கேட்பேன். செவ்வாய்க்கிழமை எனக்குத் தையல் வேலை குறைவு. காலை ஏழரைக்குத் தெருமுனை டீக்கடையில் நிற்கச் சொல்வேன். போன வாரம் வந்தவள் இரண்டு வருடத்து ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாவற்றையும் துணிக்கடைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "என்ன தொந்தரவு?" என்று கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "தூக்கமே இல்லங்க. மனசு ரொம்ப முடியல."